கேளுங்க சொல்றேன்: கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் எவ்வளவு கூலி கேட்கலாம்?

வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்: அக்கா, வீட்டிலேயே ஆறேழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அதிகம். ஒரு பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய். வருகிற கார்த்திகையில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு ரிசப்ஷன், எல்லை தாண்டிக் கேரளப் பக்கம் குமுளியில் ஒரு ரிசார்ட்டில். நாலு மணியிலிருந்து பத்தரை வரை ஐந்து பிள்ளைகளை அங்கேயே ஒரு ரூமில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அதில் ஒன்று கைக்குழந்தை. "ஐந்நூறு வாங்கிக்கோம்மா" என்கிறார் மாமா. லண்டனில் இருக்கும் நாத்தனாரோ, இன்சூரன்ஸ் இல்லாமல் போகாதே என்று பயமுறுத்துகிறார். என்ன செய்யட்டும்?

பதில்: மாமா எங்கிருந்து கணக்கை எடுத்தார் என்று தெரிகிறது. 2,000 ரூபாயை 26 நாளுக்கு, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்குப் பத்து ரூபாய்கூட வராது, அதை ஐந்து பிள்ளை, ஆறரை மணி நேரத்தால் பெருக்கினால் முந்நூற்றுச் சொச்சம், அப்புறம் சொந்தக்காரப் பிள்ளைதானே என்று கொஞ்சம் சேர்த்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை தாராளம்தான்!

மாதக் கட்டணம் அவ்வளவு கம்மியாக இருப்பதே உங்கள் வீட்டு நடைக்குள் பார்ப்பதால்தான். அடுப்பில் எப்படியும் சோறு வேகும், பிள்ளைகளின் குணம் உங்களுக்குத் தெரியும், அடுத்த மாதமும் பணம் வரும். குமுளியில் இது எதுவும் கிடையாது. முகம் தெரியாத பிள்ளைகள், பழக்கமில்லாத ரூம், ஒரே ஒரு நாள். அதனால் நேரத்தை உங்கள் வாசலில் தொடங்கி உங்கள் வாசலில் முடியுங்கள். நாலு மணிக்கு அங்கே இருக்க இரண்டரைக்கே கிளம்பணும், ஏனென்றால் சபரிமலைக் கூட்டம் மிஞ்சினால் மலையேறுகிற வண்டிகளை இன்னொரு மலைப்பாதையான கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், லோயர் கேம்ப்பில் மலையேறி நேராகப் போகிற குமுளிக்குச் சுற்றிக்கொண்டு போகணும். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது பன்னிரண்டு ஆகிவிடும். ஆக ஒன்பதரை மணி நேரம். மணிக்கு 150 என்றால்கூட உங்களுக்கு 1,400க்கு மேல். கைக்குழந்தையோடு ஐந்து பேரை ஒற்றை ஆளாகப் பார்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒன்று பாத்ரூம் போகும்போது மற்ற நாலையும் யார் பார்ப்பது? கூட ஓர் ஆள், அவருக்கு 1,000. நானாக இருந்தால் 2,500க்குக் கீழே பேச்சே எடுக்க மாட்டேன், போக வர வண்டி அவர்கள் பொறுப்பு. பத்தரைக்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் 150 என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரிசப்ஷனில் போட்டோ முடிகிற நேரம் போட்டோகிராபருக்கே தெரியாது. பாதியை முன்பணமாக ஜிபேயில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தம் என்பதற்காகக் குறைக்க ஆசையிருந்தால் பில் போட்டுவிட்டு மொய்யாகத் திருப்பி வையுங்கள், விலையில் கை வைக்காதீர்கள்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். நாத்தனார் அவர் ஊர் வழக்கப்படி சரியாகத்தான் சொல்கிறார். இங்கிலாந்தில் பதிவு பெற்றுச் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள், எந்தெந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறார்களோ அத்தனைக்கும் பொருந்துகிற பாலிசி வைத்திருக்க வேண்டும். இங்கே நம் கையில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, அது உங்கள் விபத்துக்கு மட்டும்: இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். 18 வயதிலிருந்துதான் சேர முடியும், பிள்ளைக்கு அடிபட்டால் ஒரு பைசா வராது. பாரத் கிருஹ ரக்ஷா மாதிரி வீட்டுக்கு எடுத்த பாலிசி, தீ, வெள்ளம் என்று கட்டடத்துக்கும் சாமானுக்கும்தான். ரிசார்ட்டுக்காரர் பாலிசி வைத்திருந்தாலும் அது அவர்கள் பக்கத் தப்புக்கு. பிறர் பிள்ளைக்கு உங்களால் நேரும் பாதிப்புக்கு வேண்டியது பப்ளிக் லயபிலிட்டி பாலிசி. (1991இல் அதே பெயரில் ஒரு சட்டம் வந்தது, அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளுபவர்களுக்கு, அதைக் காட்டி யாராவது குழப்பினால் காதில் வாங்காதீர்கள்.) ஏஜென்டிடம் இரண்டே கேள்வி: பிள்ளை பார்க்கும் தொழில் என்று பாலிசியில் எழுதுவீர்களா, என் வீட்டுக்கு வெளியே பார்த்தாலும் செல்லுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு நாள் வேலைக்காக மட்டும் எடுத்தால் கட்டுப்படியாகாது, இப்படி அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தால் யோசிக்கலாம்.

பாலிசி இல்லாமல் போவதென்றால் வேலையைச் சுருக்குங்கள். நீச்சல் குளப் பக்கம் கிடையாது, ரூமை விட்டு வெளியே கிடையாது, பால்கனிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தேக்கடிப் பக்கம் குரங்கு வேறு வரும். மருந்து நீங்கள் கொடுக்க வேண்டாம், தாய் வந்து கொடுக்கட்டும். கொண்டுவந்து விட்டவர்தான் கூட்டிப் போகணும். ஒன்பது மணிக்குக் கண் சிவந்து ஒரு சித்தப்பா வந்து "குடும்மா, நான் தூக்கிட்டுப் போறேன்" என்பார், போனில் அப்பாவோ அம்மாவோ சொன்னால் ஒழியக் கொடுக்காதீர்கள். 108க்கு அடித்தால் முதல் வார்த்தை "குமுளி, கேரளா" என்று சொல்லுங்கள், எல்லையில் போன் எந்தப் பக்க டவரைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. "எதற்கும் நான் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா என்றால், போதாது. காசு வாங்கிச் செய்கிற சேவை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், கவனக்குறைவை ஒரு தாள் மறைக்காது.

வாசகர், கொழிஞ்சாம்பாறை: மனைவி பொள்ளாச்சியில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பார்க்கப் போகிறாள். பிள்ளையை டான்ஸ் கிளாஸுக்கு என் காரில் கொண்டு விட 200 ரூபாய் தருகிறார்களாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சொந்தக் கார் பாலிசி, வாடகைக்கு ஆள் ஏற்றினால் செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அவர்களையே டாக்சியோ ஆட்டோவோ பிடித்துத் தரச் சொல்லுங்கள், கூட உட்கார்ந்து போகிற நேரத்துக்கு மட்டும் உங்கள் மனைவி காசு வாங்கட்டும்.

வாசகி, செங்கோட்டை: எதிர் வீட்டு டீச்சர் அவசரத்துக்கு அவர் வீட்டில் பிள்ளையைப் பார்க்கச் சொன்னார். பிள்ளை எறிந்த பந்தில் டிவி உடைந்துவிட்டது. நான் தரணுமா?

பதில்: அவர் பிள்ளை, அவர் பந்து, அவர் டிவி. தர வேண்டாம்.