கட்டிலைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் பயணக் குறிப்புகளைத் தவறாமல் வாசிக்கிறேன். நாங்கள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேன் ஓடுகிறார். ஆகஸ்ட் விடுமுறைக்குக் கட்டாரிலிருந்து தம்பி வருகிறான். கட்டில், அடுப்பு, மலசலகூடம் எல்லாம் உள்ளேயே இருக்கிற கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கண்டிக்குப் போவோம் என்று யூடியூப்பைப் பார்த்துவிட்டு ஒரே பிடியாக நிற்கிறான். மூன்று பகல், இரண்டு இரவு. நானும் கணவரும், 9 வயதிலும் 5 வயதிலும் பிள்ளைகள் இரண்டு பேர், தம்பி, மாமி என்று ஆறு பேர். மாமிக்கு 68 வயது, முழங்கால் வருத்தம். இது எங்களுக்குச் சரிவருமா? எந்த வழியால் போவது, இரவில் எங்கே நிறுத்துவது? அறை எடுப்பதைவிட மலிவா? "கண்டிக்கு பஸ்ஸில் போனால் ஆகாதா, கட்டிலையும் கட்டிக்கொண்டா போகணும்?" என்று மாமி சிரிக்கிறார்.

க., தலவாக்கலை

அன்பின் தங்கைக்கு,

மாமி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டிலைக் கட்டிக்கொண்டுதான் போகணும், அதுவும் அவருக்காகவே.

என் அம்மா கண்டிக்குப் போகிற நாளில் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார். வெறுந்தேத்தண்ணிகூட அரைக் கோப்பைதான். வழியில் ஒரு பஸ் நிலையத்தில் இறங்கி மலசலகூட வாசல்வரை போவார், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார், அப்படியே திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்துவிடுவார். "வரல்ல" என்பார். வரும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பின்னேரம் வீடு திரும்பும்போது தலையிடி, வாந்தி. மலைநாட்டில் எத்தனை பெண்கள் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு பயணம் போகிறார்கள் என்று நமக்குத் தெரியும். கேம்பர் வேனில் நான் கண்ட ஒரே பெரிய சுகம் அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கிற மலசலகூடம். அடுத்தது, மத்தியானம் ஒரு மணிக்கு முழங்காலை நீட்டிப் படுக்க ஒரு கட்டில். தம்பி யூடியூப்பில் பார்த்த சூரிய உதயமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆறு பேர் என்பது சிக்கல். வாடகைக்காரர்கள் "நாலு பேர் படுக்கலாம்" என்று படுக்கையைத்தான் எண்ணிச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, ஓடும்போது இருக்கைப் பட்டி போட்டு உட்கார எத்தனை இருக்கை என்று. நம் நாட்டுக் கேம்பர்கள் பெரும்பாலும் பழைய டொயோட்டா டொல்பின் போன்ற வேன்களின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்தவை. பிள்ளைகளைப் பின்கட்டிலில் உருளவிட்டு மலையில் இறங்குவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். ஆறு பட்டி இல்லாவிட்டால் அந்த வேன் உங்களுக்கில்லை.

இனி வழி. உங்கள் கணவர் நாளாந்தம் இந்த வீதிகளில் ஓடுகிறவர், அவருக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. ஆனால் பாடசாலை வேனில் பிள்ளைகள் இறங்கியதும் பாரம் குறையும். இதில் அலுமாரி இறங்காது. பெட்டி, பற்றரி, காஸ் சிலிண்டர், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் எந்நேரமும் ஏறியே இருக்கும். தண்ணீர் தாங்கியில் 80 லீற்றர் நிரப்பினால் அதுவே 80 கிலோ. அதனால் மேலே நிரப்ப வேண்டாம். வழிக்கு 20 லீற்றர் போதும், மிச்சத்தைக் கீழே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

போகும்போது அட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை. திரும்பும்போது புசல்லாவ, இறம்பொடை, நுவரெலியா. இதைக் கட்டாயம் இந்த ஒழுங்கில்தான் செய்யச் சொல்வேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், கண்டி ஏறத்தாழ 500. அந்த 1,300 சொச்சம் மீட்டரையும் இறம்பொடை வளைவுகளில் இறங்குவதைவிட ஏறுவது மேல். ஏற்றத்தில் என்ஜின் சூடானால் ஓரம் கட்டி ஆறவிடலாம். இறக்கத்தில் பிரேக் சூடானால் ஓரம் கட்டுவதே பெரும்பாடு.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன்னால் வாடகைக்கு எடுத்த ஒரு கேம்பரில் நுவரெலியாவிலிருந்து அந்தப் பக்கமாக இறங்கினேன். மழைத் தூறல், மூடுபனி. லபுக்கலை தாண்டியதும் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டின் ஒன்று வளைவுக்கு வளைவு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. என் கவனமெல்லாம் அந்தச் சத்தத்தில். கருகின ரப்பர் போல ஒரு மணம் வந்தபோது வெளியே யாரோ டயர் எரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் கால் பஞ்சுக்குள் போவது போலப் போகிறது. கியரைக் குறைத்து, கை பிரேக்கை மெதுவாக இழுத்து, ஒரு தேத்தண்ணிக் கடை முற்றத்தில் எப்படியோ நிறுத்தினேன். அங்கே மரக்கறி லொறிக்காரர் ஒருவர் பணிஸை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, ஏறின கியர்ல இறங்கணும். பிரேக் நிக்கிறதுக்கு, இறங்கிறதுக்கு இல்ல." முக்கால் மணி நேரம் காத்திருந்துதான் கிளம்பினோம். தண்ணீர் ஊற்றப் போனவனையும் அவர்தான் தடுத்தார். சுட்ட இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்குமாம்.

திரும்பி வரும்போது நானுஓயாவில் ரதல்ல குறுக்கு வீதியை எடுக்க வேண்டாம். 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி 7 பேர் போனார்கள், நீங்கள் பக்கத்து ஊர்க்காரர், மறந்திருக்கமாட்டீர்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்து நேரத்தைப் போடுங்கள். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு வண்டி ஓடக்கூடாது.

இரவுக்கு வருவோம். வெளிநாட்டில் போலக் கேம்பர்களுக்கென்றே காசு கட்டி நிற்கும் இடங்கள் இங்கே வழிநெடுக இல்லை. தம்பி "தேயிலைக்கு நடுவில் நிறுத்துவோம்" என்பான். உங்கள் லயத்துக்கு முன்னால் இரவு பத்து மணிக்கு முகம் தெரியாத வேன் ஒன்று வந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நாய் குரைக்கும், இஸ்தோப்பு விறாந்தையில் லைட் எரியும், வோச்சர் டோர்ச்சோடு வருவார். அவர்களுக்கும் தூக்கமில்லை, உங்களுக்கும் இல்லை. ஆகஸ்டில் தென்மேல் பருவமழை வேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும்: முதலில் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், பிறகு சிவப்பு. அன்றன்று காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் எதுவானாலும் வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே நிறுத்தாதீர்கள்.

நான் சொல்வது, பேராதனைப் பக்கம் மட்டமான முற்றம் உள்ள ஒரு சின்ன விடுதி. அதில் ஒரே ஒரு அறை எடுங்கள். மாமியும் சின்னப் பிள்ளையும் அறையில், மற்ற நாலு பேரும் முற்றத்தில் வேனில். இரண்டு இரவும் அங்கேயே. சுடுதண்ணி கிடைக்கும், தம்பியின் ஆசையும் தீரும். கண்ணாடியை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துத் தூங்குங்கள். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது, அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

வேன் மலசலகூடத்தின் கழிவுப் பெட்டி ஏறத்தாழ 20 லீற்றர்தான் கொள்ளும். ஆறு பேருக்கு ஒரு நாள் தாங்கினால் பெரிய காரியம். ஆகவே அது மாமிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும். விடுதியில் வாடகை பேசும்போதே, பெட்டியை அவர்கள் மலசலகூடத்தில் காலி செய்யலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்காரர் தரும் நீல மருந்தை அளவோடு ஊற்றுங்கள், அளவு மீறினால் விடுதியின் மலசலகூடக் குழியில் இருக்கிற நல்ல கிருமிகளும் செத்துப்போகும். வீதியோர ஓடையில் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த ஓடை கீழே யாரோ ஒருவர் வீட்டுத் தண்ணீர்ப் பீலிக்குத்தான் போகிறது.

கண்டி டவுனுக்குள் வேனைக் கொண்டுபோகவே வேண்டாம். மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல இருக்கிற ஊர், சாதாரண நாளிலேயே நகராது. ஆகஸ்டில் எசல பெரஹரா ஊர்வலம் வந்தால் மாலையில் வீதிகளை மூடிவிடுவார்கள், அறை வாடகையும் ஏறும். கலண்டரில் அந்தப் பத்து நாளையும் முதலில் அடித்துவிட்டு மிச்சத்தில் திகதி பாருங்கள். முற்றத்தில் வேனை விட்டுவிட்டு ஓட்டோவில் போங்கள். போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம் பேராதனைப் பூங்கா. 147 ஏக்கர், மகாவலி மூன்று பக்கம் சுற்றி ஓடுகிறது, பிள்ளைகள் ஓடிக் களைக்கலாம். அடுத்த நாள் காலையில் தலதா மாளிகையும் ஏரியும். ஏரியை 1807ல் வெட்டுவித்தவர் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன். அவர் நாயக்கர் வழி வந்தவர், பிறந்த பெயர் கண்ணுசாமி, 1815க்குப் பிறகு வேலூரில் சிறையிருந்து அங்கேயே இறந்தார். மூத்த பிள்ளைக்குச் சொல்லுங்கள். பின்னேரம் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம். மாமி கொழுந்து எடுத்தவர் என்றால் அங்கே வழிகாட்டி பேசத் தேவையிருக்காது.

மலிவா என்று கேட்டீர்கள். இல்லை. நாள் வாடகை, கிலோமீட்டர் எல்லை, முற்பணம், டீசல் எல்லாம் சேர்த்தால் இரண்டு அறையைவிடக் கூடத்தான் வரும். வேன் கொழும்புப் பக்கம் என்றால் அங்கிருந்து தலவாக்கலைக்கு ஏறி வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் உங்கள் கணக்கில்தான். தம்பியின் காசு, தம்பியின் ஆசை. அதில் நான் தலையிடவில்லை.

ஆனால் வேனுக்கு முற்பணம் கட்டுமுன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் இஸ்தோப்புப் படியின் உயரத்தை அளந்து தம்பிக்கு அனுப்புங்கள். அளவு நாடாவோடு போய், தரையிலிருந்து வேன் படிவரை அவன் அளக்கட்டும். வேன் படி கூடுதல் உயரமாக இருந்தால், ஏறும்போது கால் வைக்க, வீட்டில் மாமி குந்தியிருக்கிற பலகைக் கட்டையையும் வேனில் ஏற்றிவிடுங்கள்.