ஆறு லட்சத்துக்கு மியூசிக் புரொடக்‌ஷன் டிப்ளமோ வேண்டாம்

ஈரோட்டிலிருந்து எழுதிய அம்மாவுக்கு.

பிளஸ் டூ காமர்ஸ் படிக்கும் மகள் தோழியோடு சேர்ந்து இரண்டு பாட்டு வெளியிட்டிருக்கிறாள், பெரியப்பா சிஏவில் சேர்க்கச் சொல்லி நச்சரிக்கிறார், அவள் இசைதான் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், நீங்கள் நகையை வைத்தும் கடன் வாங்கியும் சென்னையில் அந்த டிப்ளமோவில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த 6 லட்சத்தைக் கட்டாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 11 சதவீத வட்டியில் 7 வருடம் அடைத்தால் மாதத் தவணை 10,000 ரூபாயைத் தாண்டும். பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று விலை வைத்துக் கொடுப்பதில்லை. சந்தா, விளம்பர வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஒதுக்கி, மொத்தம் கேட்கப்பட்டதில் உங்கள் பாட்டின் பங்குக்கு ஏற்பத் தருகிறது. நம் ஊரில் விளம்பரத்தோடு ஓசியில் கேட்பவர்கள்தான் அதிகம், அதனால் பிரிக்கிற தொகையே சின்னது. போதாததற்கு, முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது என்று 2024இல் விதி வந்துவிட்டது. இந்த வருமானத்தை நம்பித் தவணை கட்ட முடியாது. மிக்ஸிங் கற்றுக்கொள்ள ஆசையென்றால் ரீப்பர் மென்பொருளின் தனிநபர் உரிமம் 60 டாலர்தான், வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

பெரியப்பாவுக்கு ஒரே ஒரு வார்த்தை: சிஏ நல்ல படிப்புதான், ஆனால் மனமில்லாமல் சேர்ந்தவர்கள் இன்டர் என்ற இடைநிலைத் தேர்விலேயே வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் மெயிலில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். மெட்டுப் போட்டதும் பாடியதும் தோழி. உங்கள் மகள் வரிகளை எழுதிவிட்டு, பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தை நிரப்பி, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஷீட் போட்டு, வராத பணத்துக்கு மெயில் மேல் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அதை "வெட்டி வேலை" என்கிறீர்கள். அம்மா, அதுதான் வேலை! ராயல்டி நிர்வாகம் என்று அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது.

ஒரு பாட்டுக்குள் இரண்டு உரிமை உண்டு: வரியும் மெட்டும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்புவது பொதுவாக ஒலிப்பதிவுக்கான பணத்தை மட்டும்தான். வரிக்கும் மெட்டுக்கும் உரியதை மும்பையில் இருக்கும் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் வசூலிக்கிறது. அங்கே உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விகிதத்தோடு பதிந்தால்தான் அது கைக்கு வரும், சுயாதீனக் கலைஞர்கள் பலர் இதைச் செய்வதே இல்லை. 2012 காப்பிரைட் திருத்தத்தின்படி சினிமாப் பாட்டின் கவிஞரும் இசையமைப்பாளரும்கூடத் திரையரங்குக்கு வெளியே வரும் ராயல்டியில் தங்கள் சமபங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. அதைக் கேட்டு வாங்க விவரம் தெரிந்த ஆள் வேண்டுமே. அப்புறம் ஐஎஸ்ஆர்சி, அதாவது ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட குறியீடு. டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது பழைய குறியீட்டை விட்டுவிட்டால், அதுவரை கேட்கப்பட்ட எண்ணிக்கை புதிய பதிவோடு ஒட்டாமல் போகலாம். பெயர்க் குழப்பம் தனிக்கதை. கயல்விழி என்று ஒரு கலைஞர் இருந்தால், அவர் பெயரின் ழகரத்தை ஆங்கிலத்தில் இடத்துக்கு ஒரு மாதிரி எழுதி, இனிஷியலை ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் போட்டால், கணினி அவரை மூன்று ஆளாக எண்ணும், பணம் யாருக்கும் சேராமல் நிற்கும். சிங்கப்பூர் வானொலியான ஒலி 968இல் பாட்டு ஓடினால் வசூலிப்பது அங்குள்ள காம்பாஸ் சங்கம், அந்தப் பணத்தைத் துரத்திப் பிடிப்பதும் ராயல்டி வேலை பார்க்கும் இதே ஆள்தான். லேபிள் என்கிற இசை வெளியீட்டு நிறுவனம், டிஸ்ட்ரிபியூட்டர், வரி, மெட்டு உரிமையைப் பார்த்துக்கொள்ளும் பப்ளிஷிங் நிறுவனம், ஓடிடி, விளம்பரக் கம்பெனி எல்லோருக்கும் இந்த வேலை தெரிந்தவர்கள் தேவை.

இந்த வேலைக்கான படிப்புக்கு வருவோம். அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்பில் பிளஸ் டூ எந்த குரூப் என்றாலும் சேரலாம், கட்டணமும் குறைவு. ஐந்து வருடம் அதிகம் என்று தோன்றினால் பக்கத்திலேயே பி.காம். கூடவே உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் இணையவழி அடிப்படைப் படிப்பை முடிக்கட்டும், அது இலவசம். ஒன்றை மறைக்க மாட்டேன்: தொடக்கச் சம்பளம் ஐடி அளவுக்கு இருக்காது, வேலைகளும் மும்பையில்தான் அதிகம். அவள் வீட்டை விட்டுப் போகச் சம்மதமா என்று அவளிடமே கேளுங்கள், பெரியப்பாவிடம் அல்ல.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தோழியும் அவளும் இரண்டு பாட்டுக்கும் பங்கு விகிதத்தைத் தாளில் எழுதி, இரண்டு வீட்டுப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது முடியாதவர்கள் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால் எந்த லேபிளாவது இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு வந்தால், பிறந்தநாள் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.