ஹவுஸ்கீப்பிங் டிராலியில் துடைக்கும் துணிகளை எப்படி வைத்துக்கொள்வது? நான்கு நிறத் துணி உண்மையிலேயே தேவையா?

கேள்வியின் முதல் பாதியோடு நின்றிருந்தால் வேறு யாராவது எழுதட்டும் என்று கடந்து போயிருப்பேன். கடைசி வரிதான் பிடித்து நிறுத்தியது. "மாதாமாதம் துணி குறைகிறது, வேலை செய்கிற பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்களோ என்று சந்தேகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகத்தை இப்போதைக்கு வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நீங்கள் புதிதாக சூப்பர்வைசர் ஆகியிருக்கிறீர்கள், ஆய்வுக்கு ஆள் வரப்போகிறார்கள், மேலே இருப்பவர் "டிராலியை ஒழுங்கு பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படித்தான் ஆனது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். முதல் நான்கு வருடம் நானே மாப்பு பிடித்தவள். நுண்ணுயிரியல் எல்லாம் படித்ததில்லை. உங்கள் ஆஸ்பத்திரியின் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். ஹோட்டலில் வேலை செய்பவர்கள் வந்து "இவ்வளவு கெடுபிடி எதற்கு" என்பார்கள். சரி, ஹோட்டல் அறையில் படுத்திருப்பவருக்கு வயிற்றில் தையல் இல்லை.

டிராலி விஷயத்தில் நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: துணி ஒரு வழியில் போகவேண்டும், திரும்பி வரக்கூடாது. மேல் தட்டில் மூடியுள்ள டப்பாவில் சுத்தமான துணி. அங்கிருந்து கைக்கு, கையிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து நேராகப் பின்னால் தொங்கும் அழுக்குத் துணிப் பைக்கு. அந்தப் பையிலிருந்து லாண்டரிக்கு. நடுவில் எங்கேயும் "இதை இப்படி வைத்துவிட்டு வருகிறேன்" கிடையாது. டிராலியின் கைப்பிடியில் துணியைப் போட்டுவைப்பதும், சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் அதை எடுத்துப் பாட்டில்களுக்கு நடுவே செருகுவதும் எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கும். நானும் செருகியவள்தான். எந்த இடத்தில் தேடவேண்டும் என்று அதனால்தான் தெரியும்.

கழிவறைத் துணியும் பிரஷ்ஷும் கீழ்த் தட்டில், தனி டப்பாவில். மேலே இருந்தால் சொட்டும். டிராலி அறைக்குள் போகக்கூடாது, வாசலில் நிற்கவேண்டும், கண் பார்வையில் இருக்கவேண்டும். ஒரு முறை நோயாளியைப் பார்க்க வந்த வீட்டுக் குழந்தை டிராலியிலிருந்து ஆர்-சிக்ஸ் (கம்மோடு கழுவுகிற மருந்து) பாட்டிலை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, மூடி இறுக்கமாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் டிராலியையும் துடைக்கவேண்டும். எல்லாவற்றையும் துடைக்கிற வண்டியைத் துடைப்பதற்கு யாருக்கும் நினைவு வராது. சக்கரத்தில் சுற்றியிருக்கும் தலைமுடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

ஈரமாக வைப்பதா, காய்ந்ததாக வைப்பதா என்பது அடுத்தது. நான் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது திருப்பூர் பனியன் வேஸ்ட். மூட்டையாக வரும், கிலோ விலை. காலையில் ஒரு வாளியில் மருந்துத் தண்ணீர் கலந்து, பத்துப் பன்னிரண்டு துண்டை ஊறப்போட்டுவிட்டால் மாலை வரை அதே வாளி. துடைப்பது, வாளியில் முக்குவது, பிழிவது, அடுத்த கட்டில். மதியம் இரண்டு மணிக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தால் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பாத்திரம்போல் இருக்கும். "மருந்து போட்டிருக்கிறோமே, என்ன ஆகிவிடும்?" என்பதுதான் எங்கள் எல்லோருடைய நினைப்பும்.

என்ன ஆகும் என்று பிற்பாடு ஒரு நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்தார். ஹைப்போகுளோரைட், அதாவது பிளீச் மருந்து, அழுக்கோடு சேர்ந்ததும் வீரியம் இழந்துவிடும், அதனால் அன்றன்றைக்குக் கலக்கவேண்டும், நடுவில் கலங்கினால் மாற்றவேண்டும். தரைக்கும் கட்டிலுக்கும் போடுகிற குவாட் வகை மருந்து இன்னொரு வேடிக்கை செய்யும்: பருத்தித் துணி அதைத் தனக்குள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஊறப்போட்ட நேரத்திலேயே துணி மருந்தைக் குடித்துவிடும், கட்டிலுக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் தண்ணீர்தான். பனியன் வேஸ்ட் சுத்தப் பருத்தி. எங்கள் வாளித் துணியிலிருந்து லேபில் ஸ்வாப் எடுத்தபோது சூடோமோனாஸ் வளர்ந்திருந்தது. அதாவது நாங்கள் கட்டில் கட்டிலாகப் போய்க் கிருமியைப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதற்கப்புறம் வந்த வழக்கம்: துணியைக் காய்ந்ததாகவே டிராலியில் வைப்பது. அறை வாசலில் ஒரு துணியை எடுத்து, மருந்தைத் துணி நன்றாக நனையும்படி ஊற்றித் துடைப்பது. கட்டில் மேல் ஸ்ப்ரே அடிப்பதை நிறுத்திவிட்டோம், அது காற்றில் பறந்து நம் மூக்குக்குத்தான் வரும். சில இடங்களில் ஷிஃப்ட் ஆரம்பத்தில் அன்றைய துணி அத்தனையையும் மூடியுள்ள டப்பாவில் நனைத்து எடுத்துப் போகிறார்கள். அதுவும் சரிதான். பயன்படுத்திய துணி மறுபடி அந்த டப்பாவுக்குள் போகாமல் இருந்தால் போதும். மிச்சமான ஈரத் துணியை நாளைக்கு என்று வைக்கக்கூடாது, துவைக்கப் போடவேண்டும்.

"ஒரு கட்டிலுக்கு ஒரு துணியா, கட்டுப்படியாகுமா?" என்று கேட்பீர்கள். எங்கள் ஒரு வார்டில் 24 கட்டில், 12 கழிவறை. கட்டிலுக்கு ஒன்று, கழிவறைக்கு இரண்டு (குழாய், வாஷ்பேசினுக்கு ஒன்று, கம்மோடுக்கு ஒன்று), நர்ஸ் மேசைப் பக்கம் நான்கு. ஆக 52. அறுபதாக எடுத்து வைப்போம். இப்போது நாங்கள் வைத்திருப்பது பருத்தி இல்லை, மைக்ரோஃபைபர் என்கிற நுண்ணிய செயற்கை இழைத் துணி. 40 சென்டிமீட்டர் சதுரத்தில் அறுபது, காய்ந்திருந்தால் மூன்று கிலோ அளவுதான் வரும். இன்னொரு அறுபது துவைக்க, இன்னொரு அறுபது காய. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடியில் ஒன்றும் காயாது, அப்போது நாலாவது செட்டும் வேண்டும். துணியை நாலாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும், ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிக்கொள்ளலாம். பந்தாகச் சுருட்டித் துடைப்பவரிடம் எவ்வளவு துணி கொடுத்தாலும் போதாது. மைக்ரோஃபைபரைப் பருத்தியோடு சேர்த்துத் துவைக்கவேண்டாம், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வாசனைக்காக மென்மையாக்கும் திரவம் ஊற்றவும் வேண்டாம், பிறகு அது தண்ணீரையே உறிஞ்சாது. பிளீச்சில் போட்டால் சீக்கிரம் நைந்துவிடும், கழிவறைத் துணிகளுக்கு அது தலையெழுத்து.

இனி நிறத்துக்கு வருகிறேன்.

கழிவறைக்குச் சிவப்பு, பொது இடத்துக்கு நீலம், சமையலறைக்குப் பச்சை, தனிமைப்படுத்திய அறைக்கு மஞ்சள். எல்லாப் பயிற்சி வகுப்பிலும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். இந்த வரிசை பிரிட்டனில் 2007-ல் அங்குள்ள மருத்துவமனைகளுக்கு எல்லாம் ஒரேமாதிரி இருக்கவேண்டும் என்று கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் ஏற்கனவே வேறொரு நிறக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் மஞ்சள் பையில், பிளாஸ்டிக் குழாய் வகைகள் சிவப்பில், கண்ணாடி நீலத்தில், ஊசி வெள்ளை டப்பாவில். ஒரே வராந்தாவில், ஒரே ஆளின் கையில், இரண்டு நிறக் கணக்கு. இதை யாருமே யோசிக்கவில்லை. நானும்தான்.

அறுபது மஞ்சள் துணி வாங்கினோம். இரண்டு மாதத்தில் எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது இருந்தது. நீலத்தில் நான்கைந்து மட்டும்தான் குறைந்திருந்தது. நல்ல துணி, புதுசு, பளிச்சென்று இருக்கும், வண்டி துடைக்க அருமையாக இருக்கும். என் புத்தி அந்தப் பக்கமே போயிற்று. கொள்முதல் பிரிவில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லமுடியாமல், ஒரு நாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களின் பையைத் திறந்து காட்டச் சொன்னேன்.

வரிசையில் முதலில் நின்றது என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா. நான் மாப்பு பிடித்த காலத்தில் பிழிவதற்குக் கை வலிக்காத முறையைச் சொல்லித் தந்தவர். அதுவரை என்னைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார், சூப்பர்வைசர் ஆன பிறகும். அன்றைக்கு டிபன் டப்பாவை எடுத்து வெளியே வைத்தார், மாற்றுச் சேலையை உதறிக் காட்டினார், பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். "பாத்துக்குங்க மேடம்" என்றார். ஒரு துணியும் இல்லை. யார் பையிலும் இல்லை.

அடுத்த வாரம் ராத்திரி ரவுண்டு போனபோது கண்டுபிடித்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் தனிமை அறையைத் துடைத்து முடித்து, வெளியே வந்து, மஞ்சள் துணியை அப்படியே மஞ்சள் கழிவுப் பையில் போட்டான். ஏன்டா என்று கேட்டேன். "மஞ்ச மஞ்சள்லதானுங்க்கா போடோணும்? கிளாஸ்ல அப்படித்தான சொன்னாங்க" என்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஒரு வாரம் முன்னால் அந்த வகுப்புக்கு அவனை அனுப்பியதே நான்தான். அவன் மட்டுமல்ல, விசாரித்தால் பாதிப் பேர் அதைத்தான் செய்திருக்கிறார்கள். எங்கள் துணி கட்டி, பார்கோடு ஒட்டி, எடை போட்டு, எரிக்கிற இடத்துக்கு முறையாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் கழிவு எடையாக எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

ஆகவே நிறம் தேவையா என்றால், தேவை. படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் புரியும். ஆனால் உங்கள் தளத்தில் எந்த எந்தக் கழிவுப் பை இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள். நாங்கள் மஞ்சள் துணியையே எடுத்துவிட்டோம். தனிமை அறைக்கு ஒருமுறை துடைத்து வீசுகிற துணி, அது மஞ்சள் பையில் போனால் சரியாகத்தான் போகிறது. மற்றதற்கு நீலம், சிவப்பு, பேன்ட்ரிக்குப் பச்சை. "மஞ்சளைத் தூக்கியது தப்பு, உலகம் பூராவும் அப்படித்தான்" என்று சொல்ல வருகிறவர்கள் ஒரு ராத்திரி ஷிஃப்ட் வந்து நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சொல்ல வந்தது வேறு, ஆனாலும் இதைச் சொல்லாமல் போகமுடியவில்லை. துணி எண்ணிக்கைக்கு இத்தனை கேள்வி கேட்கிறார்கள். வருடக்கணக்கில் பிளீச்சிலும் சோப்பிலும் கை போட்டவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்துபோகும். அந்த அக்காவின் கட்டைவிரலை வருகைப்பதிவு இயந்திரம் எடுக்கவே எடுக்காது. ஆறு முறை, ஏழு முறை வைத்துப் பார்ப்பார், பின்னால் வரிசை நீளும், கடைசியில் சிவப்பு விளக்கு. காலை ஆறு மணிக்கு வந்தவருக்குச் சம்பளத் தாளில் விடுப்பு என்று வரும். ஒப்பந்தக்காரர் அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு கட்டு வரும். கையெழுத்துப் புத்தகம் ஒன்று வைத்தால் தீர்ந்தது. "சிஸ்டத்தில் அதற்கு வழி இல்லை" என்கிறார்கள். கையுறை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் விரல் தேய்ந்திருக்காது என்பதைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்கள். டிபன் பையை டிராலியில் மாட்டுகிறார்கள் என்று உங்களுக்கும் புகார் வந்திருக்கும். மாட்டக்கூடாதுதான். ஆனால் அவர்களுக்கு ஒரு லாக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அழுக்குத் துணிப் பை விஷயம் ஒன்று பாக்கி. டிராலியோடு வருகிற பை பெரும்பாலும் மஞ்சளாகவோ நீலமாகவோதான் இருக்கிறது. அது மறுபடி குழப்பம். எந்தக் கழிவுப் பை நிறத்திலும் இல்லாமல், கெட்டித் துணியில், வாயில் நாடா வைத்து, பையையும் சேர்த்துத் துவைக்கிற மாதிரி தைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சாம்பல் நிறக் காடாத் துணி எடுத்தோம். தைத்துக் கொடுத்தது அந்த அக்காதான். இங்கே வருவதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவர், வீட்டில் மிஷின் இருக்கிறது. பையைச் சோதித்ததற்கு அதற்கு முன்பே எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டிருந்தேன். "செரி விடுங்க மேடம்" என்றிருந்தார். பதினான்கு பை தைத்துக்கொண்டு வந்தார், நாடாவை இரட்டைத் தையல் போட்டு. கூலி வேண்டாம் என்று நூல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். "சில்லற சரியா இருக்குங்க மேடம்" என்றார்.