சாயம் இறங்காத தேத்தண்ணி

அன்பின் ஐயா,

நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2025 நவம்பரில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் இன்னும் சொந்தக்காரர் வீடுகளில்தான் ஒண்டியிருக்கிறார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, தகரத்தில் மழை விழும் சத்தத்தைக் கேட்டபடி ஒரு தேத்தண்ணி குடித்தால் மனசுக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. உடனே, இந்த நேரத்தில் இப்படி ரசிப்பது பாவமில்லையா என்று ஒரு உறுத்தல். தினமும் நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்களைக் கொப்பியில் எழுதச் சொன்னார் ஒருவர். இருப்பதை வைத்துத் திருப்திப்படு என்கிறார் இன்னொருவர். எழுதுகிறேன், மனசு ஒட்டவில்லை. என்ன செய்யட்டும்?

(தேத்தண்ணியும் முன்னைப் போல இல்லை. இப்போது கிடைக்கிற தூளை மூன்று தரம் கொதிக்கவைத்தால்தான் சாயம் இறங்குகிறது.)

ஒரு வாசகி

அன்பின் டீச்சர்,

பாவமில்லை. நீங்கள் அந்தக் கோப்பையை முற்றத்தில் ஊற்றிவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு இருந்தால் எந்தப் பிள்ளையின் வீட்டுச் சுவரும் எழும்பப்போவதில்லை. நாள் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு நின்றுவிட்டு வருகிறவர், ஒரு கால்மணி நேரம் இதமாக இருந்துவிட்டுப் போங்கள். ஐந்து விஷயக் கொப்பியை மூடிவையுங்கள். கணக்குப் பாடத்துக்காவது உதவும்.

'இருப்பதை வைத்துத் திருப்திப்படு' என்றவர் யாரென்று கேட்கமாட்டேன். ஆனால் மலையகத்தில் இந்த வார்த்தை எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்கியிருக்கிறது. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனதும் 2024இல் 1,350 ஆனதும் திருப்திப்பட்டவர்களால் அல்ல, ரோட்டில் இறங்கிக் கேட்டவர்களால். பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தை மலை சரியக்கூடும் என்று பல வருஷம் முன்பே எச்சரித்திருந்தார்கள். சனங்கள் அதே லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில்தான் இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை வந்தது. ஆகவே ரசித்துக் குடிப்பதும் கோபப்படுவதும் ஒரே வாயால் முடியும். ஒன்றுக்காக மற்றதை விடச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மூன்று தரம் கொதிக்கவைக்கிறேன் என்று! பாவம் என்று ஒன்று உங்கள் கடிதத்தில் இருந்தால் அது அதுதான்.

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போகிறது. உங்கள் 100 கிராம் பக்கெட்டில் கிட்டத்தட்ட அரைக் கிலோ கொழுந்து, அதாவது சரிவில் நின்று ஒவ்வொன்றாகக் கிள்ளிய நூற்றுக்கணக்கான துளிர் இருக்கிறது. நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கேட்கும் தோட்டத்தில் நிறுவையில் குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம்தான். பிறகு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவெல்லாம் வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, ஈரம் மூன்று சதவீதம் வரும்வரை உலர்த்திச் சலிக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு வருகிற தூளை அரைகுறையாகச் சுருட்டி, உடுப்புக் கிளிப் ஒன்றைக் குத்தி, கருவாட்டு டின்னுக்குப் பக்கத்தில் வைத்தால்? தேயிலை ஈரத்தையும் மணத்தையும் இழுக்கும். நுவரெலியா மூடுபனியில் வாய் திறந்த பக்கெட் சில வாரத்தில் சோர்ந்துவிடும். இறுக்கமாக மூடும் டின்னில், அடுப்பின் ஆவி படாத இடத்தில் வையுங்கள். கரண்டி காய்ந்திருக்கவேண்டும். ஈரக் கரண்டிதான் பாதித் தூளைக் கெடுக்கிறது.

அடுத்தது தண்ணீர். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிப்பது, 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 வரும். பக்கெட்டில் 'மூன்று நிமிடம்' என்று போட்டிருப்பது கொழும்புத் தண்ணீருக்கு. உங்களுக்கு ஒரு நிமிடம் கூடுதலாக வேண்டும், மூடியும் வேண்டும். தேத்தண்ணி ஊறவிடும் பாத்திரத்தை முதலில் சுடுதண்ணியால் அலசுங்கள். குளிர்ந்த பீங்கானில் ஊற்றினால் அங்கேயே பல பாகை போய்விடும். சுவை பார்ப்பவர்கள் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் போட்டு ஆறு நிமிடம் வைப்பார்கள். அது குறை கண்டுபிடிக்கிற கடுஞ்சாயம், குடிக்க அவ்வளவு வேண்டாம். ஒரு கோப்பைக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி போதும். டஸ்ட் என்கிற மிக நுண்ணிய தூள் என்றால் நாலு நிமிடம், பி.ஓ.பி.எஃப். என்கிற சற்றுப் பருமனான தூள் என்றால் ஐந்து. உடனே வடித்துவிடுங்கள். தூளோடு கிடந்தால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

கொதிக்கவைத்தால் நிறம் வரும்தான். ஆனால் மணம் முழுக்க ஆவியோடு போய், துவர்ப்பும் கைப்பும் மட்டும் மிஞ்சும். அதை மறைக்கச் சீனி, பிறகு பால்மா. பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்த 2022இல் வெறுந்தேத்தண்ணியைக் குறைபட்டுக்கொண்டு குடித்தவர்களில் பாதிப்பேர் நல்ல வெறுந்தேத்தண்ணியைக் கண்டிருக்கவே மாட்டார்கள் என்பது என் கட்சி. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியோ ஒரு துண்டு கருப்பட்டியோ வைத்துக் கடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள்.

இன்னொன்று. நுவரெலியாத் தேயிலைக்கு நிறம் வெளிறித்தான் இருக்கும். கறுத்த சாயம் வேண்டுமென்றால் காலி, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தூள் வாங்குங்கள். உயரத்துத் தூளைப் போட்டுவிட்டு நிறம் போதாது என்று அதோடு சண்டை பிடிக்கக்கூடாது. நிறம் சந்தேகமாக இருந்தால் ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணியில் ஒரு சிட்டிகை தூவுங்கள். நல்ல தூளிலிருந்து நிறம் ஆறுதலாகத்தான் கசியும். தூவியவுடன் கோடுகோடாக நிறம் ஓடினால் சாயம் கலந்த தூள், கடையை மாற்றுங்கள். உங்கள் கேத்தல் எனாமல் உடைந்து உள்ளே இரும்பு தெரிகிற பழசா? அப்படியென்றால் தேத்தண்ணி மையாகக் கறுக்கும். அதைச் சாயம் என்று நம்பிவிடாதீர்கள்.

தேத்தண்ணிக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். நன்றி உங்களுக்குக் கொப்பியில் ஒட்டவில்லை என்றீர்கள். இந்த டின்னிலும் நிமிடக் கணக்கிலும் ஒட்டுகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள்.

மழையை மறந்துவிட்டேன். ரசியுங்கள், ஆனால் அளந்துகொண்டு ரசியுங்கள். பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனல்போல் மேலே வையுங்கள். அடிப்பக்க நெளிவு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியக் கோடு போட்டு, அதிலிருந்து மேலே ஒரு அடிமட்டத்தை ஒட்டுங்கள். புனலின் வாயும் போத்தலும் ஒரே அகலமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அளவு பிழைக்கும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தாலும் வெளியேற்றம்தான். மண்ணில் புது வெடிப்பு, சாயும் மரம், ஊற்றுத்தண்ணி திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம், ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். பாடசாலையிலும் ஒன்று செய்து வைத்து, உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் அந்தப் பிள்ளைகளிடமே அளக்கக் கொடுங்கள். மழையைப் பார்த்து மிரளுகிற பிள்ளைக்கு அதை எண்ணாக எழுதும் வேலை பிடிக்கும். கொப்பிதான் தயாராக இருக்கிறதே.