நரம்பு வலி: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

ஈரோட்டில் மெடிக்கல் வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். டாக்டர் இல்லை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

சென்னிமலை, தறி ஓட்டுபவர்: அண்ணா, சர்க்கரை பல வருஷமா இருக்குதுங்க. ராத்திரியானா பாதம் எரியுது, போர்வை பட்டாலே தாங்கல. வலி மாத்திரை போட்டும் கேக்கலீங்க.

கேட்காதுங்க. டைக்ளோஃபினாக் போன்றவை வீக்கம், அடிபட்ட வலிக்கானவை, உங்களுக்குக் கெட்டிருப்பது நரம்பே. தினமும் அதைப் போட்டால் சிறுநீரகம்தான் வீணாகும், சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் ஆபத்து. நரம்பு வலிக்கென்று பிரீகாபலின், காபாபென்டின், டுலாக்சடின், அமிட்ரிப்டிலின் என்று தனி மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள், தூக்கம் அசத்தும், அதனால் தறியில் நிற்கிறீர்கள் என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். என் கடையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்து மனசு கஷ்டப்படுவது இதுதான்: ஒரு வாரம் போட்டுவிட்டு "ஒண்ணும் ஆகலை" என்று அடுத்த டாக்டரிடம் போகிறார்கள், அவர் பாவம் மறுபடி முதல் அளவிலிருந்து ஆரம்பிக்கிறார், இப்படியே வருஷம் ஓடிவிடுகிறது, எந்த மருந்துக்கும் வேலை செய்ய அவகாசமே கிடைப்பதில்லை. சரியான அளவுக்கு வந்த பிறகு சில வாரமாவது பொறுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ரொம்ப நாளாகச் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதனாலும் கால் எரியும், ரத்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தோட்டங்காட்டுக்குள் வெறுங்காலோடு போகவே போகாதீர்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனி டெய்லர்: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகுதுங்கண்ணா. ராத்திரி எந்திரிச்சு கையை உதறினா கொஞ்சம் தேவலை.

மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிற அறிகுறி இது, கார்ப்பல் டனல் என்பார்கள். இரவில் மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டித் தூங்கினாலே பலருக்குக் குறைகிறது. தைராய்டும் பாருங்கள். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை மெலிய ஆரம்பித்தால் தள்ளிப் போடாதீர்கள் அம்மிணி, சின்ன அறுவை சிகிச்சைதான், ஆனால் தாமதமானால் போன சதை முழுதாகத் திரும்பாது.

கோபி: அம்மாவுக்கு அக்கி வந்து, அக்கி எழுதி, புண்ணெல்லாம் ஆறிடுச்சு. மூணு மாசமாகியும் எரிச்சல் போகலீங்க.

அக்கி எழுதியதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் அதோடு நின்றுவிடக்கூடாது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸை எதிர்க்கும் மாத்திரையை ஆரம்பிப்பதுதான் முக்கியம், வீட்டில் வேறு யாருக்காவது வந்தால் நினைவில் வையுங்கள். அம்மாவுக்கு இப்போது இருப்பது அக்கி விட்டுப்போன நரம்பு வலி. மேலே சொன்ன மருந்துகளோடு, தோலில் ஒட்டி மரக்கச் செய்யும் லிடோகெயின் பட்டையும் உண்டு. வயதானவர்களுக்கு அமிட்ரிப்டிலின் தலைசுற்றிக் கீழே விழ வைக்கலாம், கவனம்.

பொள்ளாச்சி: கன்னத்துல கரண்ட் அடிச்ச மாதிரி வெட்டுது, பல்லு வெளக்க முடியல. ரெண்டு பல்லைப் புடுங்கியும் போகல.

இனி ஒரு பல்லையும் பிடுங்க விடாதீர்கள்! நரம்பியல் டாக்டரைப் பாருங்கள், முகத்துக்குப் போகும் முப்பெருநரம்பின் வலியாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து கார்பமசிபின், நன்றாகவே கேட்கும். ஆனால் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள். ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவது தெரிந்து, மாத்திரைக்கும் அடங்காமல் போனால் அறுவை சிகிச்சைக்கும் வழி இருக்கிறது.

பவானி: இது முழுசாப் போயிருமுங்களா?

காரணத்தைப் பொறுத்தது. பி12 குறைவு, நரம்பு அழுத்தம் என்றால் சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகத் தேறும். சர்க்கரை நரம்பு வலியில் பாதி குறைந்தாலே நல்ல பலன் என்றுதான் டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ராத்திரித் தூக்கம் வருகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா, அதை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

தாராபுரம்: வலி குறைஞ்சிருச்சு, மாத்திரையை நாளைக்கே நிறுத்திரலாமுங்களா?

வேண்டாங்க. பிரீகாபலினோ டுலாக்சடினோ சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், படபடக்கும், வலி திரும்பும். எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.