மெயில் வருகிறது, அனுப்பினால் மட்டும் போகவில்லை. என்ன செய்வது?

புது பிராட்பேண்ட் போட்டதிலிருந்து தண்டர்பேர்ட் மெயில் மென்பொருளில் மெயில் வருகிறது, அனுப்பினால் மட்டும் டைம்-அவுட் ஆகிறது, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் போய்விடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாட்ஸ்பாட்டில் போகிறதென்றால் பாஸ்வேர்டில் கோளாறு இல்லை. அவுட்கோயிங் சர்வர் செட்டிங்கில் போர்ட் (சர்வரின் வாசல் எண்) 25 என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

25 என்பது மெயில் சர்வர்கள் தங்களுக்குள் தபால் மாற்றிக்கொள்ளும் வழி. வைரஸ் புகுந்த வீட்டு கம்ப்யூட்டர்களும் அதே வழியாகத்தான் ஸ்பேமைக் கொட்டும். அதனால் பல இன்டர்நெட் கம்பெனிகள் வீட்டு இணைப்புகளில் அதை அடைத்தே வைத்திருக்கின்றன. வரும் மெயில் 993 போன்ற வேறு போர்ட்டில் வருவதால் அதற்குப் பாதிப்பில்லை.

கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்ட வேண்டாம், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். அக்கவுண்ட் செட்டிங்ஸின் அடியில் அவுட்கோயிங் சர்வரை எடுத்து, போர்ட்டை 587 ஆக்குங்கள், பாதுகாப்புக்கு ஸ்டார்ட்-டிஎல்எஸ், யூசர்நேமில் முழு மெயில் முகவரி. அதுவும் போகவில்லையா, 465 போட்டு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் தேர்ந்தெடுங்கள். இந்த ஜோடியை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 465-ஐப் போட்டுவிட்டு ஸ்டார்ட்-டிஎல்எஸ்ஸை அப்படியே விட்டால், இரு பக்கமும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்திருந்து மறுபடி டைம்-அவுட்தான். போர்ட்டே அடைபட்டிருக்கிறது என்று தோன்றும்.

இன்டர்நெட் கம்பெனியின் சொந்த எஸ்எம்டிபி சர்வர் (மெயில் அனுப்பும் சர்வர்) வழியாக அனுப்பச் சொல்லியும் சிலர் யோசனை தருவார்கள். நண்பரின் கடையில் அப்படித்தான் செய்தார்கள். மெயில் போனது, ஆனால் கடையின் சொந்த டொமைனிலிருந்து அனுப்பிய பில்லெல்லாம் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. அந்த டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில், அதாவது அதன் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி உள்ள சர்வர்களின் பட்டியலில், அந்த சர்வர் இல்லையே, பின்னே எப்படி நம்புவார்கள்? 587-க்கு மாற்றி, டொமைனின் சொந்த சர்வரில் லாகின் செய்து அனுப்பிய பிறகுதான் சரியானது.

587, 465 இரண்டுமே போகவில்லை என்றால் ஆன்டிவைரஸின் மெயில் ஸ்கேனைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். டைம்-அவுட் போய் 535 என்று பிழை வந்தால் சந்தோஷப்படுங்கள், சர்வரைத் தொட்டுவிட்டீர்கள். அது லாகின் பிரச்சினை. ஜிமெயில் என்றால் வழக்கமான பாஸ்வேர்டுக்குப் பதில் ஆப் பாஸ்வேர்ட் (மெயில் மென்பொருளுக்கென்று கூகுள் கணக்கில் தனியாக உருவாக்கும் பாஸ்வேர்ட்) எடுத்துப் போடுங்கள்.