காணிக்கை பாஸ்டரின் ஜிபே எண்ணுக்கு வரலாமா?

தூத்துக்குடி மாவட்டத்தில் சுயாதீன சபை ஒன்றை நடத்தும் போதகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சுருக்கமாக அவர் கேள்வி இது: "எங்கள் சபையில் அறுபது குடும்பங்கள். தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) காணிக்கையும் என் ஜிபே எண்ணுக்கே வருகின்றன. பையில் விழுவதை என் மனைவி எண்ணி வைக்கிறார். விசுவாசிகள் கொடுத்த பணத்தில் ஐந்து சென்ட் இடம் என் பெயரில் வாங்கி ஷெட் போட்டிருக்கிறோம். இப்போது கான்கிரீட் கட்டடம் கட்டலாம் என்று அறிவித்ததும், மூத்த சகோதரர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கணக்குக் கேட்டுவிட்டார். நான் ஒரு ரூபாய்கூடத் தவறாகத் தொட்டதில்லை. டிரஸ்ட், கமிட்டி என்று போனால் சபைக்குள் அரசியல் நுழைந்துவிடுமோ என்று பயம். கனடாவில் குடியேறிய சகோதரர் ஒருவர் கட்டடத்துக்குப் பெரிய தொகை அனுப்ப ஆயத்தமாக இருக்கிறார். வாங்கலாமா?"

பாஸ்டர், முதலில் அந்த மூத்த சகோதரரைப் பற்றிப் பேசிவிடுவோம். அவர் கேட்ட இடம் தப்பாக இருக்கலாம், கேட்ட கேள்வியில் தப்பில்லை. இந்த மாதிரி சமயத்தில், அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே என்ற வசனத்தை அடுத்த ஞாயிறு எடுத்துப் பிரசங்கிக்கத் தோன்றும். வேண்டாம். 105-ம் சங்கீதத்தில் அது, ஊர் ஊராக அலைந்த முற்பிதாக்கள்மேல் அந்நிய ராஜாக்கள் கைவைக்காதபடி கர்த்தர் காத்ததைச் சொல்லும் இடம். கணக்குக் கேட்கிறவர் வாயை அடைக்க எழுதப்பட்டதல்ல. இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். மனம் நொந்திருக்கும் உங்கள் மனைவியும் கூட வரட்டும். "அண்ணாச்சி, நீங்க கேட்டது நியாயம்தான். ஒரு ஏற்பாடு பண்ணப் போறேன், நீங்க கூட நிக்கணும்" என்று சொன்னால் போதும், விளக்கம் எதுவும் அன்றைக்கு வேண்டாம். பல சபைகளில் பிற்பாடு நல்ல பொருளாளராக அமைந்தவர்கள் இப்படி ஒருநாள் எரிச்சலோடு கேள்வி கேட்டவர்கள்தான்.

நீங்கள் பணத்தைத் தொடவில்லை என்பதை நம்புகிறேன். அதை நாளைக்கு நிரூபிக்க உங்கள் கையில் என்ன இருக்கிறது? எருசலேம் பரிசுத்தவான்களுக்குச் சேர்த்த தர்மப் பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரைக் கூட அழைத்துப் போனார். ஒருவரும் குற்றப்படுத்தாதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்வதற்காக என்று 2 கொரிந்தியர் 8-ல் காரணத்தையும் அவரே எழுதுகிறார். சொந்த நேர்மையில் சந்தேகம் வந்து செய்த காரியமல்ல அது.

இங்கே சில ஊழியர்கள் 2 இராஜாக்கள் 12-ஐ எடுத்துக் காட்டுவார்கள். ஆலய வேலைக்காரருக்குக் கொடுக்கப் பணம் வாங்கினவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று 15-ம் வசனம் சொல்கிறதே என்பார்கள். சரி, அதே அதிகாரத்தை மேலிருந்து வாசியுங்கள். யோவாஸ் ராஜாவின் 23-ம் வருஷம்வரைக்கும் பணம் ஆசாரியர்கள் கையில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆலயத்தின் விரிசல் ஒன்றுகூடச் சரிசெய்யப்படவில்லை. அதற்கப்புறம்தான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துளை போட்டு, பலிபீடத்தின் அருகே வைக்கிறான். பணம் நிறைந்ததும் ராஜாவின் கணக்கனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணி, பையில் கட்டுகிறார்கள். இரண்டு பேர் எண்ணிய பிறகு வேலைக்குப் போன பணத்துக்குத்தான் கணக்குக் கேட்கப்படவில்லை. ஆசாரியர்களுக்கு அந்தச் சலுகையை வேதம் எங்கேயும் கொடுக்கவில்லை.

இப்போது உங்கள் ஃபோன். வரிப் பிரச்சினையைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்போதே யார் எவ்வளவு அனுப்பினார் என்று பெயரோடு திரையில் வந்து நிற்கிறது. செய்தி கொடுக்க எழுந்திருக்கும்போது, போன மாதம் ஐயாயிரம் அனுப்பியவர் இந்த மாதம் ஐந்நூறு அனுப்பியிருப்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகு, அவர் மகனுடைய குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய வார்த்தையைப் பேசுவீர்களா, அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவீர்களா? மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவனுக்குத் தரையும் காட்டாதீர்கள் என்று யாக்கோபு எழுதியபோது, உள்ளே வருகிறவரின் உடுப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. நமக்கு அவர் அனுப்பிய தொகையே தெரிகிறது. பணம் உங்கள் ஃபோனை விட்டு வெளியேறினால் பிரசங்க பீடத்தில் நாக்கு சுதந்திரமாகும். வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இதற்காகவே மாற்றுவேன்.

வேறு காரணங்களும் இருக்கின்றன. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால், அந்த முழுத் தொகையும் வாங்கினவருடைய வருமானமாக வரிக் கணக்கில் சேரும். அறுபது குடும்பத்தின் தசமபாகம் உங்கள் பான் எண்ணோடு இணைந்த கணக்கில் விழுந்தால், வரித் துறையின் பார்வையில் அது உங்கள் பணம். சபைக்காகச் செலவழித்தேன் என்று அப்புறம் சொல்வதற்கு ரசீது வேண்டும், அந்த ரசீதும் பெரும்பாலும் உங்கள் பெயரில்தான் இருக்கும்.

அடுத்து நிலம். உங்கள் பெயரில் பத்திரம் இருக்கும்வரை அது உங்கள் சொத்துதான். கர்த்தர் உங்களுக்கு நீடித்த ஆயுள் தரட்டும். ஆனாலும் கேளுங்கள்: உயில் எழுதாமல் ஒரு கிறிஸ்தவர் மரித்தால் 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. பலிபீடத்துக்குக் கீழே இருக்கும் தரை உங்கள் பிள்ளைகளின் பாகப் பிரிவினைக்குள் வந்துவிடும். பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கலாம், மருமகன் யார் என்று இன்னும் தெரியாதே. அப்பா கட்டிய சபையின் வாசலில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பூட்டுப் போட்ட ஊர்கள் நம் பக்கத்திலேயே உண்டு.

டிரஸ்ட் என்றதும் நீங்கள், பெரிய சபைகளின் நிர்வாகக் குழுக்களுக்கு நடக்கும் திருமண்டலத் தேர்தல்களை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. பொது அறக்கட்டளைக்குத் தேர்தல் கட்டாயமில்லை. அறங்காவலர்கள் எப்படி நியமிக்கப்படுவார்கள், எத்தனை வருஷம் இருப்பார்கள், யார் எப்போது விலக வேண்டும் என்பதெல்லாம் பத்திரத்தில் நீங்கள் எழுதுவதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, டிரஸ்ட் பெயரில் பான் வாங்கி, வங்கிக் கணக்கு தொடங்கி, வருமான வரித் துறையில் டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2025-ல் வந்த புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு, ஆனால் பழைய எண்ணைச் சொன்னாலும் ஆடிட்டருக்குப் புரிந்துவிடும். 80ஜி, அதாவது நன்கொடை கொடுத்தவருக்கு வரிக் கழிவு, கிடைக்கும் என்று மட்டும் விசுவாசிகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மதத்தாரின் ஆராதனைக்கென்றே இருக்கும் டிரஸ்ட்டுக்கு அது பொதுவாகக் கிடைக்காது.

பத்திரத்தில் நான் பிடிவாதமாக இருக்கும் இடம் ஒன்று. கணவன் தலைவர், மனைவி செயலாளர், மைத்துனர் பொருளாளர் என்று எழுதி வருகிறார்கள். அதற்கு டிரஸ்ட் எதற்கு? அறங்காவலர்களில் பெரும்பான்மையினர் உங்கள் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும். டிரஸ்ட் கலைக்கப்பட்டால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு டிரஸ்ட்டுக்குத்தான் போகும், யாருக்கும் பங்கு வராது என்ற வரி இருக்கட்டும். வங்கியில் இரண்டு பேர் கையெழுத்து. உங்கள் கையெழுத்து அதில் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. சபையின் க்யூஆர் அட்டையை இந்தக் கணக்குக்கு மாற்றி, பழைய அட்டையை எல்லோர் முன்னிலையிலும் கழற்றிவிடுங்கள். குறுஞ்செய்தி பொருளாளர் எண்ணுக்குப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பைக்கு வருவோம். ஆராதனை முடிந்ததும், சபை கலைவதற்கு முன்பே, ஒரு மேஜையில் எண்ணுங்கள். எண்ணுகிற இருவர் ஒரே வீட்டாராக இருக்கக் கூடாது, மாதா மாதம் ஆள் மாற வேண்டும், உங்கள் மனைவி அதில் வேண்டாம். அவருக்கு அது அவமானம் அல்ல, பாதுகாப்பு என்று நீங்களே சொல்லிப் புரியவையுங்கள். கார்பன் வைத்த நோட்டில் ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி என்று எழுதிய கவர்களைப் பிரித்துத் தனி வரியில் எழுத வேண்டும். கவருக்குள் ஜெபக் குறிப்பு இருந்தால் அது மட்டும் உங்களுக்கு வரட்டும்.

எண்ணும் மேஜையில்தான் பெரும்பாலும் கோளாறு தொடங்குகிறது. ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ணினவர் வாசலில் நிற்பார், எண்ணிய பணத்திலிருந்தே அறுநூறு எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எழுதுவார்கள். அன்றைக்கு அது வசதி. வருஷக் கடைசியில் காணிக்கை எவ்வளவு வந்தது என்பதே யாருக்கும் தெரியாது. வந்தது முழுக்க எழுதி, முழுக்கத் திங்கட்கிழமை வங்கியில் கட்டி, செலவை வவுச்சர் போட்டு வெளியே எடுங்கள். கட்டட நிதியிலிருந்து கன்வென்ஷன் பந்தலுக்கு எடுக்க நேர்ந்தால் கடன் என்று எழுதுங்கள், திருப்பியும் வையுங்கள். மாதம் ஒரு பக்கம் வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். கொடுத்தவர் பெயர்கள் அதில் வேண்டாம்.

அப்படியானால் உங்கள் வீட்டுச் செலவுக்கு? விசுவாச ஊழியம் என்று சம்பளம் வாங்காமல் இருப்பதை மதிக்கிறேன். நடைமுறையில், சம்பளம் இல்லாத பாஸ்டருடைய வீட்டுப் பணமும் சபைப் பணமும் ஒரே குடத்துத் தண்ணீராகிவிடுகின்றன, எது எதுவென்று அவருக்கே தெரியாது. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனால் பிழைப்பு உண்டாக வேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டிருக்கிறார் என்றுதான் பவுலும் எழுதினார். அறங்காவலர்கள் கூடி, நீங்கள் வெளியே போன பிறகு பேசி, மாதம் இவ்வளவு என்று முடிவு செய்யட்டும், அது தீர்மான நோட்டில் ஏறட்டும். ஊழியத்துக்கு நியாயமான படி கொடுப்பதை வரிச் சட்டம் தடுக்கவில்லை. நீங்கள் அதைக் காட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது அந்தத் தாள்தான் உதவும்.

வீட்டு ஜெபம் முடிந்து, செருப்பு மாட்டும்போது கையில் திணிக்கும் கவர் இருக்கிறதே, அதற்கு ஒரே விதி சொல்ல முடியாது. "உங்க பிள்ளைங்களுக்கு" என்று கொடுத்தால் உங்களுடையது, உங்கள் சொந்த வரவில் எழுதிக்கொள்ளுங்கள். "ஊழியத்துக்கு" என்றால் சபையினுடையது, ரசீது போடுங்கள். எதுவும் சொல்லாமல் கொடுத்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

கனடா சகோதரரிடம் ஒரே கேள்வி: இந்தியப் பாஸ்போர்ட்டா, கனடாப் பாஸ்போர்ட்டா? இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் 2010-ம் வருட எஃப்சிஆர்ஏ சட்டத்தில் அவர் வெளிநாட்டவர்தான். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு அமைப்பு குறைந்தது மூன்று வருஷம் நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். பணமும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கு மட்டுமே வர முடியும். "ஊரில் அப்பா கணக்குக்கு அனுப்பி, அவர் கையால் சபைக்குக் கொடுக்கட்டும்" என்று யோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். கேட்காதீர்கள். சகோதரருக்கு நன்றி சொல்லி, ஜெபத்தில் தாங்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூரிலும், ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய அளவுக்கே அபராதம் வரும்.

கட்டடம் தொடங்குவதற்கு முன்பே நிலத்தை டிரஸ்ட் பெயருக்கு மாற்றிவிடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு உள்ள முத்திரைத் தீர்வைச் சலுகை டிரஸ்ட்டுக்குக் கிடையாது. கான்கிரீட் எழும்பிய பிறகு எழுதினால் கட்டடத்தின் மதிப்புக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். குடியிருப்பு என்று பிளான் அப்ரூவல் வாங்கி ஜெபக்கூடம் கட்டிய இடங்களில் ஒரு புகார் மனு போதும், வேலை பாதியில் நின்றுவிடும். டிரஸ்ட் பெயரில் பத்திரமும் பட்டாவும் கைக்கு வந்ததும் அந்த விண்ணப்பத்தைக் கொடுங்கள், அனுமதி வந்த பிறகு காண்டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்.